நல்ல டிஸ்க்கை உருவியது

14-11-97, வெள்ளி

ரிப்பேருக்குப் போன அச்சகத்து கம்ப்யூட்டரில், அடித்ததையெல்லாம் சேர்த்துவைக்கிற ஐந்து டிஸ்க்கில் ஒன்று பழுது. அதைக் கழற்றப்போய் பக்கத்திலிருந்த நல்லதை உருவிவிட்டேன். திரும்பச் செருகியும் மிஷின் எழும்பவில்லை. ஒன்று போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. ஏற்றியிருந்த பாடப்புத்தகம் முழுக்கப் போயிற்று.

முதலாளி அண்ணாச்சியிடம், "ரெண்டும் ஒண்ணா போயிட்டு" என்றேன். நம்பிவிட்டார்.

"அப்பம் ரெண்டு போனாலும் தாங்குத மாதிரி போட்டிருவோம் வே. எது தோதுன்னு நீரே பாத்துச் சொல்லும்."

எதைப் போடலாம் என்று நானும் படம் போட்டு விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது, டைப் அடிக்கிற செல்வி முதல் பக்கத்திலிருந்து மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள். "மிஷின் போனதுக்கு நீங்க என்ன சார் செய்வீங்க" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.