தொண்ணூறு டிகிரி வித்தியாசம்

நிலவு, தெற்கு முகாம். எழுதுவது மெர்லின், வெப்பப் பொறியாளர்.

காலை 6:10
வழக்கமான பதிவு. வெளியே −150 செல்சியஸ். அறைக்குள்ளே 21. பேட்டரி முக்கால்வாசி. சூரியன் வந்து பேட்டரி ஏற இன்னும் மூணு நாள். ஆண்டெனா பழுது, பூமிகிட்ட பேச வழியில்ல. அதைச் சரிபார்க்க பூபாலன் வெளியே போயிருக்கான். காபியை ஒரு சொட்டு மிச்சம் வைக்கல, தடியன்.

9:40
பூபாலன் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில இருக்கிற நடு அறைக்குத் திரும்பி, வெளிக்கதவைச் சாத்திட்டான். காத்தும் நிரம்பிடுச்சு. உள்கதவு மட்டும் திறக்கல. அங்கே ஹீட்டர் செத்துக் கிடக்கு. குளிர்ல அலுமினிய வளையம் சுருங்கி ஸ்டீல் கதவைக் கவ்விப் பிடிச்சிருக்கு. வளையத்தைச் சூடாக்கினா விரியும், கதவை விட்டுடும். ஊறுகாய் பாட்டில் மூடிக்கு வெந்நீர் ஊத்துற கதைதான்.

"மெர்லினக்கா, சீக்கிரம். உடுப்புல பேட்டரி தீர்ந்துடுச்சு. குளிர் எலும்புக்குள்ள போகுது."

10:05
கையேடு எழுதினவன் வெளிநாட்டுக்காரன். வளையத்தை 90 பாரன்ஹீட் டிகிரி ஏத்தணுமாம். 32-ஐக் கழி, ஐந்தால் பெருக்கு, ஒன்பதால் வகு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். விடை 32 செல்சியஸ். இருந்த குளிர்லேர்ந்து அந்த 32 டிகிரி ஏத்தினேன். கதவு அசையல. பேட்டரி பாதி காலி.

10:50
அடிப்பாவி! அது வெப்பநிலை இல்ல, வித்தியாசம். வித்தியாசத்துல எதுக்கு 32-ஐக் கழிச்சேன்? 90-ஐ ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தா முடிஞ்சுது. ஐம்பதுடி, மூதேவி, ஐம்பது! அதுக்குள்ள வளையம் ஆறிப்போச்சு. முதல்லேர்ந்து ஏத்தணும். மிச்சமிருக்கிற பேட்டரி அதுக்கு மட்டும்தான் காணும். அறை ஹீட்டரை அணைச்சாகணும்.

"அக்கா, கால் இருக்கிறதே தெரியல."

"பேசிட்டே இருடா. எதையாவது பேசு."

அணைச்சிட்டேன்.

11:30
திறந்துச்சு! இழுத்து உள்ளே போட்டேன். மூச்சு இருக்கு. ஓன்னு அழுதுட்டேன். கை காலைத் தேய்ச்சு, போர்வை சுத்திட்டு, கதவைச் சாத்தப் போனேன். போகல. சூடு நின்னதும் வளையம் சுருங்கிடுச்சு. கதவு இனி அதுக்குள்ள நுழையாது. நடு அறைக் குளிர் மொத்தமும் இங்கே வந்துட்டு இருக்கு. பேட்டரி பூஜ்யம்.

மறுநாளா, தெரியல
அறை −40. செல்சியஸா பாரன்ஹீட்டான்னு பார்க்க வேண்டாம், இந்த இடத்துல ரெண்டும் ஒண்ணுதான். இதுல நான் தப்பு பண்ண முடியாது.

"புழுக்கமா இருக்குல்ல அக்கா?"

நடுங்குறதை நிறுத்திட்டான். உறையும்போது உடம்பு கடைசியா இப்படித்தான் பொய் சொல்லும்னு பயிற்சியில சொல்லிக் கொடுத்தாங்க. போர்வையை உதறப் பார்க்கிறான். அமுக்கிப் பிடிச்சிருக்கேன். டேய், அது பொய்டா. நம்பாதேடா.

அப்புறம்
பேச்சு இல்ல.
எனக்கும் வேர்க்குது. ஸ்வெட்டரைக் கொஞ்ச நேரம் மட்டும் கழட்டி