கையில் ஆட்டின் இருந்தது

4 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்காமல் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். முகவரியைச் சித்தியிடம் வாங்கினேன். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே. நான்தான் மூன்று முறை போய் நின்றேன். மூன்றாவது முறை, "வாயத் தொறந்து கேளேன்டி, எதுக்கு வந்து செவுத்தப் பாத்துட்டு நிக்கிற?" என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நீ வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. உனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தை அப்பா எட்டு வருடம் தையல் மெஷின் இழுப்பறையில் ஒளித்து வைத்திருந்தார், நீ கண்டெடுத்தாய், போய்விட்டாய். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. நான் எழுதுவது ஒரு சீட்டாட்டம் பற்றி.

எனக்கு இப்போது வேலை கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை தேடும் வேலை. யாரிடமும் பேச வேண்டாம், பட்டியல் போட்டு அனுப்பினால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் பழைய வீடியோ கேம் பெட்டிக்கு ஓர் ஆட்டம் எழுதுகிறேன். டிவியில் மாட்டுவோமே, கேட்ரிட்ஜை ஊதி ஊதிச் சொருகுவாயே, அதே பெட்டிதான். கம்பெனிக்காரர்கள் அதைக் கைவிட்டு எவ்வளவோ காலமாகிறது. என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள்தான் இன்னும் இருக்கிறார்கள்.

எழுதியது நம் வீட்டுச் சீட்டுதான். நாலு பேர், இரண்டு அணி, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. நீ போன பிறகு நாலாவது கை இல்லாமல் கட்டு அலமாரி மேலேயே கிடக்கிறது. இதில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பட்டன் கட்டையைக் கையில் வைத்துக்கொள்வார்கள். உன் இடத்தையும் என் இடத்தையும் மெஷின் ஆடும். திரையில் ஒரே வரிசையில் எட்டுப் படத்துக்கு மேல் வைத்தால் மின்னி மறைந்துவிடும், அதனால் சீட்டையெல்லாம் தரையில் ஓடு பதிப்பது போலப் பதித்து வைத்திருக்கிறேன். அதற்கே இரண்டு மாதம் போயிற்று.

போன வாரம் ஆட வைத்தேன். அம்மா ஆட்டின் ராஜாவை, அந்தச் சிவப்பு இதயம் போட்ட சீட்டை, இறக்கினார்கள். அப்பா கையில் இரண்டு ஆட்டின் இருந்தது, சிவப்பாகத் திரையிலேயே தெரிந்தது. அவர் அதை விட்டுவிட்டுத் துருப்பைப் போட்டு வெட்டப் பார்த்தார். பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சீட்டு எறங்க மாட்டேங்குது. பொட்டியில ஏதோ கோளாறு" என்றார்.

"கோளாறு பொட்டியில இல்ல" என்றார்கள் அம்மா.

இறங்கிய இனம் கையில் இருக்கும்போது வேறு இனத்தைப் போடக்கூடாது என்ற விதியை எழுதியிருந்தேன். நம் வீட்டில் அந்த விதி எப்படி நடந்தது என்பதை மறந்துவிட்டேன். அப்பா, கையில் அந்த இனம் இல்லை என்று சொல்லி வெட்டுவார். கண்டுபிடித்தால் எதிரணிக்கு மூன்று பிடி கணக்கில் ஏறும். கண்டுபிடிக்காவிட்டால் செல்லும். கண்டுபிடிக்கிறவள் நீ மட்டும்தான்.

எப்படிக் கண்டுபிடித்தாய்? உன் இடத்துக்கு அதை எழுத வேண்டும். முடிந்தால் சொல். இஷ்டமில்லை என்றால் வேண்டாம்.

உன்,
பூனை

19 மார்ச்

பூனைக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பிரிக்கவே இல்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிரித்தால் சீட்டாட்டம்! உன்னை என்ன செய்வது?

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். சித்தி சொல்லியிருப்பார்கள். லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்ற மாதிரி அரைத்துக் கொடுக்கும் வேலை. முதல் வருடம் ஓரமெல்லாம் சில்லு சில்லாகப் போனது. இப்போது முதலாளி தன் கண்ணாடியையே என்னிடம்தான் தருகிறார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டு வழி. ஒன்று, எண்ணுவது. ஒவ்வொரு இனத்திலும் பதின்மூன்று. எங்கே எத்தனை போயிற்று என்று விரலை மடக்காமல் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். மீதி யார் கையிலும் இருக்க வழியில்லை என்றால் அவர் கையில்தான். இரண்டாவது, அவரைப் பார்ப்பது. இல்லை என்று சொல்லி வெட்டினாரோ இல்லையோ, அடுத்த நிமிடம் சீட்டை விரிப்பார், மடக்குவார், இடம் மாற்றி அடுக்குவார். இல்லாததை யாராவது அடுக்குவார்களா? ஆனால் உன் மெஷினுக்குக் கண் கிடையாது. எண்ணட்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருக்காக என்னிடம் பேசாதே. எனக்காக அவரிடமும் பேசாதே. அந்த வீட்டில் என்னிடம் எதையும் மறைக்காத ஆள் நீ ஒருத்திதான். அதனால்தான் உனக்குப் பதில் போடுகிறேன். இல்லாவிட்டால் கவரோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

சாப்பிடுகிறாயா ஒழுங்காக? போட்டோ எதுவும் அனுப்பாதே.

அக்கா

6 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். ஆபீசில் தனியாகச் சாப்பிட ஒரு ஜன்னல் இருக்கிறது.

நீ சொன்னபடி எழுதிவிட்டேன். முதலில் தப்பாகப் போயிற்று. அப்பா போல நானே ஆடிப் பார்த்தேன், பொய்யாக வெட்டிய அதே நொடியில் உன் இடம் பிடித்துவிட்டது, பத்துக்குப் பத்து. காரணம், மெஷினுக்கு நாலு பேர் கையும் தெரியும். தெரிந்ததைத் தெரியாதது போல அதை நடக்க வைப்பதுதான் கஷ்டம். இப்போது உன் இடம் இறங்கிய சீட்டை மட்டும் பார்த்து எண்ணுகிறது. சில சமயம் தவறவிடுகிறது. நீயும் தவறவிட்டிருப்பாய், ஒப்புக்கொள்ள மாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆடினார்கள். அப்பாவுக்குப் பொய் வெட்டு இப்போது இறங்கியதில் ஒரே சந்தோஷம். "பாத்தியா, சரியாயிடுச்சு!" என்று அம்மாவிடம் காட்டினார். நாலு சுற்று கழித்து உன் இடம் பிடித்தது. திரையில் "ஆட்டின் எங்கே?" என்று வரும். நீ கேட்பது போலவே போட்டிருக்கிறேன்.

அப்பா அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

"புஸ்தகத்துல பாத்தேம்பா" என்றேன்.

"ஓஹோ. புஸ்தகத்துல அப்படியேவா போட்டிருக்கான்" என்றார்கள் அம்மா.

அப்பா பட்டன் கட்டையை மேசை மேல் வைத்துவிட்டு டியூட்டிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டும் வேலையில்தான் இன்னும் இருக்கிறார், இப்போது மாலை ஷிஃப்ட். வாசலில் நின்று, "மறுபடி எப்ப ஆடலாம்?" என்று கேட்டார். நீ வேண்டாம் என்றாய், அவருக்காகப் பேசவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உன் இடத்துக்கு எழுதிய நிரல் ஆறு பக்கம் ஆயிற்று. என் இடம் முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டது.

உன்,
பூனை

25 ஏப்ரல்

பூனை,

நான் தவறவிட்டதே இல்லை. திருத்திவிடு.

உன் கடிதத்தைக் கடையில் படித்துச் சிரித்துவிட்டேன். முதலாளி, "என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா?" என்கிறார். சீட்டாட்டம் சார் என்றேன். அவர் வீட்டிலும் அந்தப் பழைய பெட்டி ஒன்று கிடக்கிறதாம், கொண்டு வந்து தருகிறேன் என்றார். எனக்கும் ஒரு கேட்ரிட்ஜ் செய்து அனுப்பு. என்னை நானே பார்த்துக்கொள்கிறேன், எவ்வளவு தூரம் சரியாக எழுதியிருக்கிறாய் என்று.

ஒரு சந்தேகம். உன் இடம் ஏன் முக்கால் பக்கம்? நீ அப்பாவின் ஜோடி. ஜோடியைக் காட்டிக்கொடுப்பது ஆட்டத்தில் கிடையாது, அது சரி. ஆனால் நேர் எதிரே உட்கார்ந்திருந்தவள் நீ. அவர் சீட்டை அடுக்கியது எனக்கே பக்கவாட்டில் தெரிந்தது. உனக்குத் தெரியவே தெரியாதா? சும்மா கேட்கிறேன்.

இங்கே எனக்கு இரண்டு அறை. ஒன்று காலியாகத்தான் இருக்கிறது. எப்போதாவது லீவு போட்டால் சொல்.

அக்கா

11 மே

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாயிற்று. நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

சீட்டில் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் தெரியும். அப்பா அடுக்கும்போது நான் என் சீட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். அதைத்தான் முக்கால் பக்கத்தில் எழுதினேன்.

நீ சும்மா கேட்டாய். சும்மா பதில் சொல்ல முடியாதபடி இன்னொன்று இருக்கிறது.

உன் கல்லூரிக் கடிதத்தைத் தபால்காரரிடம் கை நீட்டி வாங்கியது நான். பழுப்புக் கவர். மூலையில் கல்லூரி முத்திரை, நடுவில் உன் பெயர். எனக்குப் பன்னிரண்டு வயது, எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது இல்லை. நீ டைப்பிங் வகுப்புக்குப் போயிருந்தாய். அப்பா வந்ததும் அவரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்தார். "ஹாஸ்டல்ல எல்லாம் எப்படி விடுறது" என்று தனக்குத்தானே சொன்னார். என்னைப் பார்த்து, "இது ஒண்ணுமில்ல. அக்காகிட்ட சொல்ல வேணாம். அம்மாகிட்டயும்" என்றார். இழுப்பறையைத் திறந்தது, மூடியது, எல்லாம் பார்த்தேன்.

அந்த மாதம் முழுக்க நீ என்னைத் தினமும் கேட்டாய், "போஸ்ட்மேன் வந்தாராடி?" என்று. நான் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினேன். இல்லை என்று வாயால்கூடச் சொல்லவில்லை.

சின்னப் பெண், பயந்துவிட்டாள் என்று நீ சொல்லலாம். பதினெட்டு வயதில் நான் கல்லூரிக்குப் போனேன். ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தது நீ. அன்றைக்கு எனக்குப் பயம் இல்லை, தெரிந்தேதான் இருந்தேன். சொன்னால் என்னையும் அனுப்பமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். நீ கடிதத்தைக் கண்டெடுத்துக் கத்திய நாளில் லீவுக்கு வந்திருந்தேன். சமையலறைக் கதவோரம் நின்றேன். கிளம்பும்போது என் தோளைப் பிடித்து, "நீயாவது முடிச்சிடு" என்றாய். சரி என்றேன். முடித்துவிட்டேன்.

"என்னிடம் எதையும் மறைக்காத ஆள் நீ ஒருத்திதான்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகும் ஒரு கடிதம் எழுதினேன், உன் பதிலையும் வாங்கிக்கொண்டேன். இனிமேல் அப்படி வாங்க முடியாது.

அப்பாவுக்கு நான் இதை எழுதுவது தெரியாது. அவருக்காகப் பேசவில்லை.

நீ இரண்டு நாள் கவரைப் பிரிக்காமல் வைத்தாய் என்று எழுதியிருந்தாய் அல்லவா, இதையும் படித்துவிட்டுப் பதில் போடாமல் அப்படியே வைத்துவிடுவாய் என்று தோன்றுகிறது. வைக்கலாம், உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். உன்னிடம் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை, அதனால் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

திட்டுவதைக் கடிதத்தில் எழுதாதே. நான் வருகிறேன், நேரில் திட்டு. குனியமாட்டேன். வா என்று மட்டும் ஒரு வரி எழுது.

உன்,
தங்கை