அப்பாவுக்காக நான் நிரப்பிய படிவம்

ஏப்ரல் 4, 1971, ஞாயிறு

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அம்மா பார்த்த ஊர்கள் இரண்டு. பிறந்த சாத்தான்குளம், வாழ்க்கைப்பட்ட மாம்பலம். "இந்த மே மாசமும் எங்கயும் கூட்டிட்டுப் போகலேன்னா நானும் ஒரு ஜவுளிக்கடை வச்சிருவேன். அப்பவாச்சும் என்னைத் திரும்பிப் பாப்பீக" என்றாள். அப்பா மிரண்டுபோய்த் தலையாட்டிவிட்டார். ரங்கநாதன் தெருவில் சேலைக்கடை அவருக்கு. கடைதான் முதல், நாங்கள் கடைசி.

இன்று வேம்பு ஸார் வந்தார். மயிலாப்பூர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளவெடுத்து யாத்திரைத் திட்டம் தைத்துக் கொடுப்பவர். அவர் எந்த ஊரெல்லாம் பார்த்திருக்கிறார் என்று கேட்டேன்.

"நேக்கு பஸ்ஸே ஒத்துக்காதும்மா. தலை சுத்தும்."

ஊர் சுற்றாமல் தலை மட்டும் சுற்றுகிறவர்!

ஆளுக்கொரு படிவம். முப்பது கேள்வி. எத்தனை படி ஏறுவீர்கள், காப்பி எத்தனை மணிக்கு, கூட வருகிறவர்களை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தாங்குவீர்கள்... ஆத்துக்காரருக்குக்கூடக் காட்டப்படாதாம். உறையில் ஒட்டித் தர வேண்டுமாம். அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினாள். எட்டிப் பார்த்தேன். அவள் திருகின காதுதான் இன்னும் வலிக்கிறது.

ஏப்ரல் 5

"எனக்கு ஏதுட்டி நேரம்? நீயே எதையாவது எழுதிப் போடு" என்று அப்பா படிவத்தை என்னிடம் தந்துவிட்டுக் கடைக்குப் போனார்.

போட்டேன் ஒரு போடு!

விருப்பம்: குடும்பத்தை ரயிலேற்றிவிட்டு, தனியாக ஒரு மலை மேல் படுத்துத் தூங்க வேண்டும். ஒருத்தரும் சேலை விலை கேட்கக்கூடாது.

தாங்கும் நேரம்: மனைவி, அரை மணி. மகள், பத்து நிமிஷம்.

வேம்பு ஸார் முகத்தை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஏப்ரல் 12

சிரிப்பு போச்சு.

டைப் அடித்த திட்டத்தோடு வந்தார். அம்மாவும் நானும் மைசூர், பேலூர், ஹளேபீடு. லாட்ஜுக்குப் பக்கத்திலேயே அவர் மச்சினர் வீடு, பயமில்லை. அப்பா மட்டும் ஏற்காடு. டெலிபோன் இல்லாத அறை. மேலே கொட்டை எழுத்தில், "காரணம்: அவரவர் விருப்பப்படி." அரை மணியையும் விடவில்லை மனுஷன்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். "அரை மணியாம்" என்றாள் பாத்திரத்திடம்.

அப்பா வந்ததும், "நீங்க ஏற்காட்டுல போய்த் தூங்குங்க. நாங்க எங்கயும் வரலை."

அப்பா தாளைப் படித்தார். என்னைப் பார்த்தார். இதோ மாட்டினேன் என்று கண்ணை மூடினேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை! ஏன்?

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. பாயசம் உண்டு. பேச்சு இல்லை. அம்மா பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

ஏப்ரல் 15

கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அப்பா கேட்டார்: "எனக்குத் தூக்கம் வேணும்னு உனக்கு யாரு சொன்னா?"

"இல்லப்பா... சும்மா விளையாட்டுக்கு..."

"பதினாலு வயசுல இந்தத் தெருவுக்கு வந்தேன். ஒருநா மத்தியானம் படுத்ததில்லை. நீ சரியாத்தாம்ட்டி எழுதியிருக்கே. அந்த அரை மணிதான் தப்பு."

எழுதினது நான்தான் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் ஏற்காடு கைநழுவிப் போய்விடும். ஆள் கில்லாடி!

ஏப்ரல் 17

மனசு கேட்காமல் மயிலாப்பூர் போய் வேம்பு ஸாரிடம் ஒப்புக்கொண்டேன். குதித்தார். "பதினோரு வருஷமா இந்தத் தொழில் பண்றேன், படிவத்துல யாரும் பொய் எழுதினதில்லை! உங்கம்மாவும் 'அவர் வந்தா ஊருக்கு ஊர் ஜவுளிக்கடைதான் பாப்பார், அவர் வேண்டாம்'னு எழுதியிருந்தா. ரெண்டும் பொருந்தறதேன்னுதானே நான்..."

டக்கென்று வாயைப் பொத்திக்கொண்டார். லேட்டு, ஸார்!

அம்மாவா? அப்ப அந்தக் கோபம் இன்னாத்துக்கு?

ஏப்ரல் 18

அம்மாவிடம் என் திருட்டை மட்டும் சொன்னேன். அவள் எழுதினதைச் சொல்லவில்லை. (இந்த ஜெயபாரதி சரித்திரத்தில் ஒரு ரகசியம் வெளியே வராமல் தங்கியது இதுதான் முதல் முறை.) கரண்டியால் இரண்டு போட்டாள். அப்புறம் மெதுவாக, "அப்ப அவரும் நம்ம கூட வருவாகளோ?" முகம் தொங்கிப் போச்சு.

ராத்திரி அவளே அப்பாவைக் கூப்பிட்டாள். "நீங்களும் மைசூருக்கே வாங்களேன்."

"இல்ல தங்கம். போட்டது போட்டபடி இருக்கட்டும். மலைக்காத்துல கொஞ்சம் தூங்கிக்கிறேன்."

"சரி, உங்க இஷ்டம்."

வீட்டில் இவ்வளவு மரியாதையை நான் கேட்டதே இல்லை. பெட்டி பரணிலிருந்து இறங்கியாச்சு.

மே 9, மைசூர்

அம்மா அரண்மனையை மூன்று சுற்று சுற்றினாள். எனக்குத்தான் கால் வலி.

மே 14, மைசூர்

மத்தியானம் அப்பாவிடமிருந்து கார்டு. "இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். இப்போது தூக்கம் வரவில்லை. பேச ஆளில்லை. லாட்ஜ்காரர் மனைவி கட்டியிருந்த சேலை என்ன விலை என்று கேட்டேன். அதிலிருந்து லாட்ஜ்காரரும் என்னோடு பேசுவதில்லை."

விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே போனாள். வரும்போது கையில் இரண்டு பஸ் டிக்கெட்.

"பேலூருக்காம்மா?"

"சேலத்துக்கு. காலைல ஆறரைக்கு. அங்கயிருந்து மலைக்கு வேற பஸ்ஸாம். சீக்கிரம் படு."