குட்டிக்கரண ரயிலில் பொத்தான்

அன்பு மகன் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சளி இருமல்கூட இல்லாமல் நன்றாக இருக்கிறோம், நீயும் மருமகளும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். உன் அக்கா மகன் நர்சிங் படிப்பை முடித்து, படித்த ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான், வெள்ளை உடுப்பில் வந்து வாசலில் நின்றான், யாரோ பெரிய மனிதர் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். உன் அண்ணன் மகன், அதுதான் நம் வக்கீல், கணக்கில் வகுப்பிலேயே முதல், பேச்சுப் போட்டியில் கோப்பை வேறு, அந்த வாய்க்குக் கோப்பை கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள். அவன் தங்கை தந்தி, வீட்டில் நடப்பதையெல்லாம் தெருவுக்குக் கொண்டுபோகிறவள், இப்போது கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், பஸ்ஸில் போனால் காது வலிக்கிறது. என்னிடம் வளரும் உன் மகள் பொத்தான் வகுப்பில் இரண்டாவது, அவள் வரைந்த படத்தைத் தலைமையாசிரியை தன் அறையில் மாட்டியிருக்கிறார், தையல் மிஷினில் நேராக ஓரம் அடிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். இதெல்லாம் உனக்குப் போனில் சொன்னதுதான். சொல்லாத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பாதியில் கட்டாகும், நீயும் குறுக்கே விழுந்து கோபப்படுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் வேலை வந்து குவிவதற்கு முன்னால் கடையைப் பூட்டிவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிப்போகிறேன் என்று உன் அண்ணன் வருடா வருடம் சொல்வான், கடைசியில் ஏதாவது ஒரு கல்யாணத் துணி வந்து கெடுத்துவிடும். இந்த லீவில் சொன்னபடி செய்துவிட்டான். ஒரு நாள் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா, மறுநாள் பெரிய ராட்டினங்கள் உள்ள பூங்கா, நடுவில் ஒரு லாட்ஜில் தங்கல். உன் அண்ணி என்ன செய்தாள் தெரியுமா, கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று மிச்சம் கிடந்த ஆரஞ்சு நிறத் துணியில் எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை தைத்துவிட்டாள், எனக்கும் சேர்த்துத்தான். இரண்டாவது நாள் உள்ளே போய்ப் பார்த்தால் அந்தப் பூங்காவில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அதே ஆரஞ்சுச் சட்டை. அன்றைக்கு முழுக்க என்னிடம் வழி கேட்டார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்து, "ஏங்க, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள், எனக்குத் தெரிந்திருந்ததால் சொன்னேன். இன்னொரு பெரியவர், "இந்த வயசுலயும் உங்கள நிக்க வெச்சு வேலை வாங்கறாங்களே, இது அநியாயம்மா" என்று எனக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனார். உன் அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ராட்டினப் பூங்காவில் குட்டிக்கரண ரயில் என்று ஒன்று இருக்கிறது. பெரிய பேர் ஏதோ எழுதியிருக்கிறார்கள், பிள்ளைகள் வைத்த பேர் இதுதான், ஏனென்றால் மேலே போய்த் தலைகீழாகக் கரணம் போட்டுத்தான் கீழே வரும். இவ்வளவு உயரம் இருந்தால்தான் ஏற்றுவார்கள் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. அதை விளம்பரத்தில் பார்த்துவிட்டு உன் அண்ணன் கிளம்புவதற்கு முன்பே வக்கீலையும் பொத்தானையும் கடைச் சுவரோரம் நிறுத்தி, கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து அளந்தான். வக்கீல் தாராளமாகப் பாஸ். பொத்தானுக்கு இரண்டு விரற்கடை பத்தவில்லை. இன்னொரு தடவை அளந்தான், அதேதான். அவள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று உனக்கே தெரியும், ஆனால் அழவில்லை. "பரவால்ல பெரியப்பா, நான் எல்லார் பையையும் பாத்துக்கறேன்" என்றாள். எங்கே போனாலும் இந்தப் பிள்ளைதான் பையைப் பார்த்துக்கொள்கிறது. பிறந்தபோது குறைமாதம், பஞ்சில் பொதிந்து என் கையில் கொடுத்தார்கள், சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கிறது என்று சொன்னதும் நான்தான், அந்தப் பேரே நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஓடாதே, ஏறாதே, குதிக்காதே என்று எல்லாரும் அவளைப் பொத்திப் பொத்தியே வைத்துவிட்டோம். நீயும் போன மாதம், "அம்மா, அவள எதுலயும் ஏத்திடாதீங்க, பக்கத்துலயே வெச்சுக்குங்க" என்று சொன்னாய். தண்ணீர்ப் பூங்காவிலும் பெரிய சறுக்கு மரத்தின் பக்கமே போகாமல், தந்தியோடு முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் குட்டிக்கரண ரயிலுக்கு வரிசை நின்றது. வாசலில் அளவுப் பலகை, அதில் ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் கழுத்தில் விசில் தொங்க ஒரு பெண். வக்கீல் அந்தப் பெண்ணிடம், "தலைமுடி கணக்குல சேருமா சேராதா, எங்க எழுதிப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டு வரிசையையே நிறுத்திவிட்டான், அவன்தான் கோட்டைத் தாண்டி நிற்கிறானே, அவனுக்கு எதற்கு இந்தக் கேள்வி. பொத்தான் எங்கள் செருப்பு, பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண், "நீ ஏம்மா ஒதுங்கி உக்காந்துட்ட, வா" என்று கூப்பிட்டாள். இவள், "நான் பத்த மாட்டேங்க்கா, எங்க பெரியப்பா அளந்துட்டாரு" என்றாள். "பெரியப்பா அளந்தா ஆச்சா, இங்க நான் அளக்கணும்" என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பலகையில் நிறுத்தினாள். சின்னவனே, உன் மகளுடைய தலை அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் மேலே.

உன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த ஊருக்கே சட்டை தைக்கறவன் நான், என் அளவு தப்பாது, உங்க கோடுதான் கீழ இறங்கியிருக்கு" என்று சண்டைக்கே போய்விட்டான். பிள்ளையை ஆபத்தில் ஏற்றிவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு, அதைக் கோபமாகக் காட்டினான். டூருக்கு வந்த இடத்திலும் டேப் அவன் கால்சட்டைப் பையில்தான் இருந்தது, எடுத்துப் பலகையையே அளந்து, பார்த்தீர்களா கோடு தவறு என்று எல்லாருக்கும் காட்டினான். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு இரும்பு டேப் கொண்டுவந்து இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினாள். நம் டேப் நீண்டு கிடந்தது. அது உன் அப்பா காலத்துத் துணி டேப் இல்லையா, இத்தனை வருடம் இழுத்து இழுத்து ரப்பர் மாதிரி ஆகியிருக்கிறது, அதில் அளந்தால் யாரும் குட்டைதான். உடம்பை அளப்பதும் அதே டேப், துணியை வெட்டுவதும் அதே டேப், அதனால் சட்டை என்றைக்கும் சரியாக உட்கார்ந்தது, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நீ அங்கேயே வேறு டேப்பில் அளவெடுத்து எழுதி அனுப்பினாயே, அதன்படி இவன் தைத்து அனுப்பிய சட்டை தோள் இறங்கிக் கை நீண்டு தொளதொளவென்று இருக்கிறது என்றாயே. பெரியவன், தம்பி இளைத்துவிட்டான் என்று சொல்லிவிட்டான், நானும் நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நினைத்து எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தேன். நீ இளைக்கவில்லை, டேப்தான் கொழுத்திருக்கிறது. அண்ணி எல்லார் முன்னாலும், "இத்தனை நாளா நான் குண்டாகலைன்னு நீங்க சொன்னதும் இந்த டேப்ப வெச்சுத்தானா?" என்று கேட்டாள் பார், உன் அண்ணன் அவசரமாக டேப்பைச் சுருட்டிப் பைக்குள் திணித்தான்.

சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு பொத்தான் என்னைப் பார்த்தாள். ஏறட்டுமா என்று கேட்கவில்லை, சும்மா பார்த்தாள். பெரியவன், "தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாம்மா" என்றான். நீ வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய், நானும் உன் இடத்தில் இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். டூருக்கு முந்தின வாரம் டாக்டரிடம் பள்ளிக்கூடச் சான்றிதழுக்குக் கூட்டிப்போனபோது, இதயம், மூச்சு எல்லாம் கல் மாதிரி திடமாக இருக்கிறது, எல்லாப் பிள்ளைகள் மாதிரியும் ஓட விடுங்கள் என்று அவர் சொன்னது எனக்கு நினைவு இருந்தது. பிள்ளைக்கு உடம்பு வளர்ந்துவிட்டது, நம் பயம்தான் அவள் பிறந்த அன்றைக்கு இருந்த இடத்திலேயே நிற்கிறது. போன் வேண்டாம், ஏறட்டும் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பொறுப்பு நான்தான், திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, அண்ணனை ஒன்றும் சொல்லாதே.

அதுவரை துள்ளிக்கொண்டிருந்த வக்கீல் அப்போதுதான், சாப்பிட்ட ரொட்டி செரிக்கவில்லை என்றும், வெயில் தாழ்ந்தபிறகு ஏறுவதுதான் உடம்புக்கு நல்லது என்றும் வாதம் பண்ண ஆரம்பித்தான். பொத்தான் பைகளை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "பயப்படாத அண்ணா, நான் பக்கத்துலதான் இருப்பேன், வா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முதல் பெட்டியில் உட்கார்ந்தார்கள். விசில் பெண் இரும்புக் கம்பியை இறக்கிப் பூட்டி, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள். ரயில் கடகடவென்று மேலே ஏறியது, நான் உன் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். தந்தி, "பாட்டி கண்ண மூடிட்டாங்க, பாட்டி கண்ண மூடிட்டாங்க" என்று வரிசை முழுக்க அறிவித்தாள். மூடவில்லை, பாதிதான் மூடினேன். உச்சியில் போய் ஒரு கணம் நின்றது. கீழே விழப்போகிற நேரத்தில் எல்லாரும் கம்பியைக் கட்டிக்கொண்டார்கள், முதல் பெட்டியில் மட்டும் இரண்டு சின்னக் கைகள் மேலே உயர்ந்து நின்றன. அது யார் கை என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அண்ணன் என் பக்கத்தில் நின்று, முன்னால் நிற்கிற முகம் தெரியாத ஆளின் முதுகைத் தட்டி, "எங்க பொண்ணுங்க, அது எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்தார்கள். வக்கீல் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, நடுவில் கண்ணை மூடவே இல்லை என்று யாரும் கேட்காமலே சத்தியம் செய்தான். பொத்தான் தலைமுடியெல்லாம் எழுந்து நின்றது. ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "பத்துனேன் பாட்டி, நான் பத்துனேன்" என்றாள். நான் அழுதேன் என்று தந்தி உனக்குப் போனில் சொல்வாள், வியர்வை என்று சொல்லிவிடு. அதன்பிறகு அன்றைக்கு அவள் ஏறாத ராட்டினம் இல்லை, பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டது உன் அண்ணன்தான்.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. உன் அண்ணன் புது டேப் வாங்கிவிட்டான், பழையதைத் தூக்கிப்போட மனம் வராமல் ஆணியில் மாட்டியிருக்கிறான். நீயும் மருமகளும் வேலை வேலை என்று ஓடி வெறும் வயிற்றில் படுக்காதீர்கள், ஷூவுக்குள் ஈரச் சாக்ஸைப் போடாதே, சின்ன வயதிலிருந்து உனக்கு அதுதான் சளி. வாடகை வீடு கிடைத்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொள்கிறோம் என்று சொன்னதில் தாமதம் வேண்டாம், என் கையை விட்டுப் போவது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அவள் இப்போது எங்கே வேண்டுமானாலும் பயப்படாமல் போவாள், அதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் கேட்டது கிடைத்து, உடம்பு நோகாமல், சிரித்த முகமாக இருக்க அம்மாவின் ஆசி.

ஒன்றே ஒன்று மறக்காதே. திரும்பி வரும் பஸ்ஸில் பொத்தான் என்னிடம், "அப்பாவுக்கு நான் எதுவரைக்கும் இருப்பேன் பாட்டி, இடுப்பா நெஞ்சா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பெரியவனுக்கும் தெரியவில்லை. போனில் நீ முகத்தை மட்டும்தானே காட்டுகிறாய், நீ நிற்பதைப் பிள்ளை பார்த்து எவ்வளவு நாளாகிறது. அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கதவோரம் நிமிர்ந்து நின்று, தலையிலிருந்து கால்வரை தெரிகிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. கதவு எவ்வளவு உயரம் என்று பின்பக்கம் எழுது, மீதியை அவளே கணக்குப் போட்டுக்கொள்வாள்.

உன் போட்டோவுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா