வச்சாச்சு

நேற்று மத்தியானம் தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து வந்து பின்வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து நம் மகள், "அப்பா, சோறு வச்சாச்சு" என்று கூப்பிட்டாள். எல்லார் வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். எனக்கு மட்டும் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டது. கையில் சவுக்காரம் காய்கிற வரைக்கும் அப்படியே நின்றேன். பின்கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோமே, அந்தப் பழைய கட்டை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நீ இருந்தபோது சொல்ல வாய் வராத சங்கதியை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சீமைக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரத் தொரை கொட்டகையில் போட்டுவிட்டுப் போன அந்தக் கறுப்புக் காரை நான் ஓட வைத்தபோது ஸ்டோர் மெஷின்களைப் பார்க்கிற பிட்டரான எனக்கு லிந்துலைப் பக்கமெல்லாம் என்ன பேர்! "பிட்டரு செத்த வண்டிய எழுப்பிட்டாரு" என்று தொழிலாளர் வீட்டு லயத்துக்கு லயம் பேச்சு. எழுப்பினேன்தான். ஆனால் ஹேண்ட்பிரேக் மட்டும் பிடிக்காது. நம் மலையில் சமதரை எங்கே இருக்கிறது? எங்கே நிறுத்தினாலும் வண்டி உருளப் பார்க்கும். அதற்காகத்தான் ஒரு தேயிலைச் செடித் தூரை அந்த ஆப்புக் கட்டையாகச் செதுக்கி உன் காலடியில் போட்டேன். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பேன். மழையென்றாலும் நீ சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, பின் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்து, "வச்சாச்சுங்க" என்பாய். அதைக் கேட்ட பிறகுதான் நான் காலை எடுக்க வேண்டும். நாம் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட சட்டம் அது ஒன்றுதான்.

"எந்தத் தோட்டத்துல பொண்டாட்டி பிரேக்கு வேல பாக்குறா? சம்பளச் செக்ரோல்ல எனக்கும் அரைப் பேராவது போடச் சொல்லுங்க" என்று கிண்டல் செய்வாய். "வர்ற ஞாயித்துக்கெழம சரி பண்ணிர்றேன் புள்ள" என்பேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிற்று! அன்றைக்குத்தானே ஸ்டோரில் மெஷின்களைக் கழற்றிப் பார்ப்பது. அது முடிந்தால் புதுத் தொரையின் ஜீப். அது முடிந்தால் ஸ்டோரை நடத்துகிற டீமேக்கரின் மோட்டார் சைக்கிள். ஊரான் வண்டிக்கெல்லாம் போன கை நம் வண்டிக்குப் போகவில்லை. என்ன பிட்டர் நான்!

மகளுக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல். நீ கொழுந்தெடுக்க மலைக்குப் போகாமல் வீட்டில் நின்றாய். காலையில் டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக்கொண்டு வந்து, ஸ்டோருக்கு மேலே இருக்கிற ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். பிள்ளை பின் சீட்டில் போர்த்திக்கொண்டு கிடந்தாள். நீ கட்டையோடு இறங்கினாய். கீழே ஸ்டோரிலிருந்து கொழுந்து அரைக்கிற ரோலரைப் பார்க்கிற ஆள் கத்திக்கொண்டே ஓடிவந்தான். "பிட்டரய்யா! இஞ்சின் நின்னுருச்சு! கொழுந்து பூரா வீணாப் போகுது, தொரை குதிச்சுக்கிட்டு நிக்கிறாரு!"

நான் அவன் பக்கம் திரும்பினேன். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். பிரேக்கில் இருந்த காலும் கூடவே வந்துவிட்டது. "ஐயோ" என்றாய். அதுகூடச் சத்தமாக இல்லை. நானும் ஓடிவந்தவனும் வண்டியை முட்டித் தள்ளித்தான் சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவிலிருந்து உன் கையை எடுத்தோம்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டேன். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு புறப்பட்ட லொறியில் உன்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நான் இஞ்சினுக்குப் போனேன். அது ஓடியதும் தொரை என் தோளைத் தட்டி "குட் மேன்" என்றார். இஞ்சின் எண்ணெய் படிந்த கையோடுதான் உன்னைப் பார்க்க வந்தேன்.

வட்டகொடையிலிருந்து உன் அண்ணன் எனக்கு முந்தி வந்திருந்தார். உன் கட்டில் பக்கத்தில் நின்று, "எப்புடி ஆச்சு மாப்ள?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என் வாய்தான் முந்திக்கொண்டது.

"வச்சாச்சுன்னு சொன்னா மச்சான். அத நம்பித்தான் கால எடுத்தேன்."

நீ என்னைப் பார்த்தாய். கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஆமாண்ணே, நாந்தான் அவசரப்பட்டுச் சொல்லிப்புட்டேன்" என்றாய்.

ஆள்காட்டி விரல் போயிற்று, நடுவிரல் மடங்காமல் போயிற்று. நம் மலையில் உன் வேகத்துக்குக் கொழுந்து எடுக்க ஆள் கிடையாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு இனி என்ன எடுப்பது? வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உன்னைப் பிள்ளைக்காம்பராவில் போட்டார்கள். இருபத்தெட்டு வயதில் கிழவிகளோடு உட்கார்ந்தாய். காலையில் கூடை கட்டிக்கொண்டு மற்றப் பெண்கள் ஏறிப் போவதை நீ வாசலில் நின்று பார்ப்பாய். ஸ்டோர் ஜன்னலிலிருந்து எனக்கு அது தெரியும். பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஹேண்ட்பிரேக்கைச் சரி செய்துவிட்டேன். கழித்துப் போட்ட மெஷினிலிருந்து ஒரு துண்டுக் கம்பி, அரை மணி நேர வேலை. உனக்குத் தெரியும், நீ ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உன் வாயிலிருந்து அந்தச் சொல் வரவே இல்லை. "சோறு போட்டுட்டேன், வாங்க" என்பாய். "வெளக்கு ஏத்திட்டேன்" என்பாய். வச்சாச்சு என்று மட்டும் சொல்ல மாட்டாய். எனக்கு வலிக்கும் என்றா, உனக்கு வலித்தது என்றா? கேட்கத் தைரியம் இல்லாமல் ஒன்பது வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தினேன். நெஞ்சுச் சளியோடு நீ கிடந்த கடைசி வாரத்தில் அந்த மொட்டைக் கையை என் கையில் போட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கஞ்சி குடிக்கிறியா புள்ள?" என்றுதான் கேட்டேன்.

நேற்று சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிட முடியாமல் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா வச்சாச்சு என்று சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவள் அழவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தெரியும்ப்பா. நான் வண்டிக்குள்ளதான இருந்தேன். 'இன்னும் இல்லீங்க, இன்னும் இல்லீங்க'ன்னு அம்மா ரெண்டு தடவ சொன்னாங்க."

"ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

"அம்மா சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. அப்பாவுக்கு அது காதுல விழல, விழாமலே இருக்கட்டும்னாங்க."

இன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளிப் போடாமல், லீவு சொல்லிவிட்டு வட்டகொடைக்கு வந்திருக்கிறேன். உன் அண்ணன் வீட்டுக்கு முன்னால் இறக்கத்தில் வண்டி நிற்கிறது. இதன் கடைசி வரிகளை வண்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவர் வாசலுக்கு வந்துவிட்டார், "எறங்கி வாங்க மாப்ள" என்கிறார். போய்ச் சொல்லத்தான் போகிறேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாயிற்று, வண்டி அசையாது. ஆனாலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. விழாமலே இருக்கட்டும் என்றாயே, இப்போது என் காதில் அது ஒன்றுதான் விழுகிறது. இன்னும் இல்லீங்க. இன்னும் இல்லீங்க.