சகலை போட்டுவிட்ட அப்கிரேடு

அக். 2, வியாழன்

காலையிலிருந்து தூறல். விஜயதசமி. வாசலில் கட்டிய வாழைக்கன்று சாய்ந்து கிடக்கிறது. நிமிர்த்த மனமில்லை.

கம்ப்யூட்டர் எழவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்தே இப்படி. பட்டனை அழுத்தினால் நீலத்திரை, ஓர் அழுமூஞ்சி, 'தானாகச் சரிசெய்கிறோம்' என்று இங்கிலீஷில் ஒரு வரி. பத்து நிமிஷம் சுற்றும். அணையும். மறுபடி அழுமூஞ்சி. இன்று மட்டும் பதினான்கு தடவை.

காரணம் ஒரே ஆள். சகலை தங்கவேல். என் மனைவி சரசுவின் தங்கை வசந்தாவைக் கட்டியவன். கோவை கணபதியில் லேத் பட்டறை. புரோகிராம் போட்டு ஓட்டுகிற மெஷின் ஒன்று வாங்கினாலும் வாங்கினான், உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் தன் கைக்குள் என்று நினைப்பு.

நேற்று ஆயுத பூஜைக்குப் பொரி கடலையோடு வந்தவன், வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். திரையில் ஏதோ அறிவிப்பைப் பார்த்துவிட்டான். "பழைய ஓ.எஸ். இந்த மாசத்தோட முடியுதுங்கண்ணா. இன்னிக்கு நல்ல நாளு, புதுசு போட்டுடலாமுங்க" என்றான். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம், அவன் பட்டறைப் பூஜைக்குப் போய்விட்டான். எதையும் தொடாமல் போயிருப்பான் என்று நம்பிப் பூஜையை முறையாக முடித்தேன். மோட்டார், தையல் மெஷின், மிக்சி, கம்ப்யூட்டர், ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மத்தியானம் கம்ப்யூட்டரைப் போட்டால் அழுமூஞ்சி.

போனில் கேட்டால், "ஓட உட்டுட்டுத்தானுங்கண்ணா வந்தேன். அணைக்க வேண்டாம்னு சீட்டு எழுதி ஒட்டியிருந்தனேங்க" என்கிறான். எந்தச் சீட்டும் நான் பார்க்கவில்லை. பொய்.

அக். 3, வெள்ளி

மழை விட்டது. பத்திரிகைக் கட்டு பிரஸ்ஸிலிருந்து வந்துவிட்டது. மகள் நிவேதா பெயர் தங்க எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாணம் கார்த்திகை முதல் வாரம். பத்திரிகை கையில், யாருக்குக் கொடுப்பது என்ற லிஸ்ட் அந்தப் பெட்டிக்குள்.

லிஸ்ட் என்றால் சும்மா பெயர் ஊர் இல்லை. இரண்டு வருஷம் உட்கார்ந்து நானே அடித்தது. ஆயிரத்து நூற்று எண்பத்தாறு குடும்பம். ஊர், பெயர், எந்தக் குலம் கூட்டம், என்ன உறவு, எந்த ஊரில் யார் வீட்டில் முதலில் சொல்ல வேண்டும், வெற்றிலை பாக்கு யார் கையில் கொடுக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில், பழைய மனத்தாங்கல். "1998 காதுகுத்துக்குச் சொல்லவில்லை என்று இன்னும் கோபம், கட்டாயம் இருவரும் போக வேண்டும்" என்கிற மாதிரி. ஒரு வீடு விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. நாம் செத்தால் எழவுக்கு வருவார்கள், அப்போதும் தண்ணி குடிக்காமல் போவார்கள்.

வேறு நகல் இல்லை. பென் டிரைவில் ஒன்று இருந்தது. அதை அழித்துப் பாட்டு ஏற்றிக்கொண்டு போனது நிவேதா. குழந்தையைத் திட்ட முடியாது, கல்யாணப் பெண்.

இன்று செய்தவை:
ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டியது. பலன் இல்லை.
முந்தைய நிலைக்குத் திரும்பு என்ற பட்டன். 'முடியவில்லை' என்றது.
சேஃப் மோட். வரவே இல்லை.
பெட்டியைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு. மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேமுக்கு வேலை செய்யும். இதற்கு இல்லை.

முப்பத்தொரு வருஷம் மில் மெயின்டனன்ஸில் இருந்தவன் நான். பொரி கொண்டு வந்தவன் வைத்த வேலை என் கைக்கு மசியவில்லை. அதுதான் எரிகிறது.

அக். 4, சனி

வெயில். முழங்கால் வலி. சரசு கொள்ளு ரசம்.

சகலை போன் செய்தான். நேரில் வர தைரியமில்லை. திரையில் 'ரீசெட்' என்று ஒன்று வருமாம், அதை அழுத்தி இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடுமாம். விரல் பட்டன் மேலேயே இருந்தது. அவன் சொன்ன ஒரே காரணத்துக்காக அழுத்தவில்லை.

அவன் செய்த பாவங்கள், நினைவுக்கு வந்த வரை:
எங்கள் கிரகப்பிரவேசத்தில், இடதுபக்கச் சுவர் ஒரு நூல் சாய்வு என்று எல்லார் முன்னாலும் சொன்னது. (சாய்வுதான். அதற்காக?)
மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு முன்னால் போய் நின்றது.
நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம், "அண்ணனுக்கு இப்ப வேலைன்னு ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் இருக்காரு" என்றது.
இது.

முடிவு செய்துவிட்டேன். அவனுக்குப் பத்திரிகை இல்லை. லிஸ்ட் எப்போது கிடைக்கிறதோ அப்போது முதல் வேலை அவன் வரியை அழிப்பது. வசந்தாவுக்குத் தனியாகச் சரசு சொல்லிக்கொள்ளட்டும். அவன் கணபதியில் உட்கார்ந்து மண்டபத்து மேளம் காதில் விழுகிறதா என்று பார்க்கட்டும். நினைத்ததும் ரசம் இன்னும் ஒரு டம்ளர் இறங்கியது.

சரசுவிடம் லேசாகச் சொன்னேன். "ஏனுங்க, அப்ப ஊரு ஊராப் போய்ச் சொல்லக் காரு ஆரு ஓட்டறது?" என்று மட்டும் கேட்டாள். கண் ஆபரேஷனிலிருந்து நான் கார் ஓட்டுவதில்லை. அதையெல்லாம் அப்போது பார்க்கலாம்.

அக். 5, ஞாயிறு

அன்னூர். பஸ்ஸில். சொந்த ஊர்ப் பக்கம் போனால் பெயர்கள் நினைவுக்கு வரும் என்று ஒரு நோட்டு எடுத்துப் போனேன். வந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. மிச்சம் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பாதிப் பேருக்கு முகம் இருக்கிறது, பெயர் இல்லை. ஒருத்தருடைய பல் மட்டும் நினைவிருக்கிறது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கருப்பாத்தாள் அக்கா, பெரியப்பா வழியில். கையில் வாழைத்தார். நலம் விசாரித்துவிட்டு, "அம்மணிக்குக் கண்ணாலமாமா, காதுல உழுந்துச்சுங்க" என்றது. அவ்வளவுதான். சிரித்தது. அக்கா பெயர் அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் இல்லை. இரண்டு மணி நேரம் அதே ஊரில் உட்கார்ந்து யோசித்தும் வரவில்லை. எதிரில் வந்து நின்றிருக்காவிட்டால் விட்டுப்போயிருக்கும்.

பஸ்ஸில் ஏறியதும் முதலில் எழுதினேன். பிறகு சகலையைத் திட்டினேன், துடியலூர் வரும் வரை.

அக். 6, திங்கள்

பெட்டியை அரிசிச் சாக்கில் போட்டு டவுன் பஸ்ஸில் காந்திபுரம். "ஆட்டுக்குட்டியாட்ட மடியில வச்சிருக்காரு பாரு" என்று பின்சீட்டில் ஒரு குரல்.

மாடிப்படி ஏறி ஒரு சின்னக் கடை. பஷீர் பாய், ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. நடந்ததைச் சொன்னேன். செய்தவனைப் பற்றி மெஷினைவிட அதிகமாகச் சொன்னேன் போலிருக்கிறது, பாதியில் டீ வாங்கிக் கொடுத்தார்.

பென் டிரைவ் செருக முடியவில்லை அவரால். முன்பக்கத் துளையில் சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி. பல்குச்சியால் நோண்டி எடுத்தார். "இந்த மாசம் வாரதெல்லாம் சந்தனப் பொட்டிங்கதானுங்க. போன வாட்டி ஒருத்தரு எலுமிச்சம்பழத்தை ஃபேனுக்குள்ளாறயே வச்சுப்போட்டாரு." பொட்டு எங்கே வைத்தால் பார்வையாக இருக்கும் என்று பார்த்துத்தான் வைத்தேன். சொல்லவில்லை.

ரீசெட் அழுத்தினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த இரண்டாவது வரி எல்லாவற்றையும் துடைத்துவிடும் வரியாம், அழுத்தியிருந்தால் லிஸ்ட் போன இடம் தெரியாதாம். ஆக, என் லிஸ்டைக் காப்பாற்றியது என் வன்மம். இதை யாராவது கோயில் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

புதன்கிழமை வரச் சொன்னார்.

அக். 7, செவ்வாய்

ஒன்றுமில்லை. ஸ்கூட்டருக்குக் காற்று. மாமனார் படத்துக்குப் பூ. சகலை இரண்டு தடவை போன், எடுக்கவில்லை. அடிக்கட்டும்.

அக். 8, புதன்

லிஸ்ட் கிடைத்துவிட்டது. முழுசாக. வேறொரு பென் டிரைவிலிருந்து பெட்டியை எழுப்பி, உள்ளே புகுந்து, எடுத்துக் கொடுத்தார் பாய். பிறகு புது ஓ.எஸ். அவரே சுத்தமாகப் போட்டும் கொடுத்தார். கடையிலேயே கண் கலங்கிவிட்டது, பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதோடு வந்திருக்கலாம். எழுத்தில் ஒரு ஆதாரம் இருந்தால் சகலை முகத்தில் வீசலாமே என்று, "போட்டவன் என்ன தப்புப் பண்ணினான், ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்கள்" என்றேன்.

பாய் திரையில் ஏதோ வரிகளைக் காட்டினார். "போட்டவரு பேர்ல தப்பில்லீங்க. எல்லாஞ் செரியாத்தான் போட்டிருக்காரு. அறுவத்து மூணு சதவீதம் போயிருக்குது. அந்த எடத்துல திரை கருப்பாயி மறுக்கா வருமுங்க. காலைல பத்து நாப்பத்திரண்டுக்கு ஆரோ கரண்டை நிறுத்திப்போட்டாங்க."

கரண்ட் போயிருக்கும் என்றேன். யு.பி.எஸ். இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. அப்படியானால் போயிருக்காது, கையால்தான் நிறுத்தியிருக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டில் விசாரித்தேன். ஆயுத பூஜையன்று காலையில் கரண்ட் போகவே இல்லையாம். டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

பத்து நாற்பத்திரண்டு. நல்ல நேரம் பத்தே முக்காலுக்கு. சந்தனக் கிண்ணம் யார் கையில்?

ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது. மில்லில் இருந்த முப்பத்தொரு வருஷமும், அன்றைக்கு மெயினை இறக்கி, எல்லாம் நின்றதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் சந்தனம். அது என் பொறுப்பு. ஒரு தடவை ஒரு ஆள் ஓடுகிற பெல்ட்டில் பொட்டு வைக்கப்போய் விரல் போனது. அன்று காலையில் திரை கருப்பாகத்தான் இருந்தது. கீழே யு.பி.எஸ்.ஸில் பச்சை விளக்கு எரிந்தது. வழக்கம்போல அதன் பட்டனை அழுத்தி நிறுத்தினேன்.

சாப்பிடவில்லை. சரசு கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

அக். 9, வியாழன்

சீட்டும் கிடைத்தது. பூஜைத் தட்டைத் தேய்க்க எடுத்தபோது காய்ந்த பூவுக்கு அடியில் ஒட்டியிருந்ததாம், சரசு கொண்டுவந்து கொடுத்தாள். "ஓடிட்டு இருக்குதுங்கண்ணா. அணைக்க வேண்டாம்." சகலையின் கோழிக் கிறுக்கல். அதன் மேல் மூன்று விரல் சந்தனம். விரல் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. கண்ணாடி போடாமல், மானிட்டர் நெற்றியில் ஏதோ துண்டுச்சீட்டு என்று உரித்து, கை துடைத்து, தட்டில் போட்டது நான்.

சரசு படித்தாளா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சந்தனம் பட்ட காகிதம், குப்பையில் போடக் கூடாது. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஒன்று எழுதிவிட வேண்டும். கோபம் போகவில்லை. தப்பு அவனுடையது இல்லை என்று ஆனபிறகு இன்னும் கூடிவிட்டது. எட்டு நாள் திட்டியதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? சுவர், ஆஸ்பத்திரி, நிச்சயதார்த்தம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவன் வரியை அழிப்பது அழிப்பதுதான்.

அக். 12, ஞாயிறு

நல்ல நாள். அழைப்பு ஆரம்பம். முதலில் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, பிறகு ஊர்கள். சரசு யாரிடம் என்ன சொன்னாளோ, ஏழரைக்கு வாசலில் சகலையின் கார். கழுவித் துடைத்து, வெற்றிலைக் கட்டோடு. நான் கூப்பிடவில்லை.

அவன் காபி குடிக்கும் நேரத்தில் உள்ளே போய் லிஸ்டைத் திறந்தேன். தேடு கட்டத்தில் தங்கவேல் என்று அடித்தேன். நான்கு தங்கவேல். அன்னூர் ரைஸ்மில், அவிநாசி, காரமடை, செத்துப்போன ஒருத்தர். இவன் இல்லை. கணபதி என்று தேடினேன், இல்லை. வசந்தா, இல்லை. உறவுக் கட்டத்தில் சகலை என்று தேடினேன். ஆயிரத்து நூற்று எண்பத்தாறு வரியில் எங்கேயும் இல்லை.

பிறகு பார்த்தால் என் பெயரும் இல்லை, சரசு இல்லை, நிவேதா இல்லை. வீட்டு ஆளுக்கு யார் பத்திரிகை வைப்பார்கள்? இரண்டு வருஷம் முன்னால் அடிக்கும்போது அவனைச் சேர்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இல்லாத பெயரை எப்படி அழிப்பது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 1187. தங்கவேல். கணபதி. உறவு என்ற கட்டம் வரை வந்து விரல் நின்றுவிட்டது. வெளியே ஹாரன். மூடப்போனால், மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

முன்சீட். ஏ.சி. அளவுக்கு மேல் வைத்திருக்கிறான், முழங்காலுக்கு ஆகாது. சரசு பின்னால், பத்திரிகைக் கட்டோடு.

துடியலூர் தாண்டியதும் அவன்தான் ஆரம்பித்தான், ரோட்டைப் பார்த்தபடியே. "சீட்டை நான் செரியா ஒட்டலீங்கண்ணா. ஃபேன் காத்துல பறந்திருக்கோணும். உங்ககிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிருக்கோணும். என்ற தப்புத்தானுங்க, மனசுல வச்சுக்காதீங்க."

சீட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். சரசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செரி உடு தங்கவேலு. இனிமேலாச்சும் பாத்துச் செய்யி" என்றேன்.