தலையாட்டும் மேனேஜர்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போயிற்று. பாதிதான் உண்மை என்பதால் விட்டுவிட்டேன். உங்கள் நலம் அறிய ஆவல். அந்தப் பாதியில் பொய் இல்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் எழுதினால் நீங்கள் ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள். நான் முழம் முழமாக எழுதினாலும் அதே இரண்டு கை. கும்பிடு வாங்கி வாங்கி எனக்குச் சாமிப் பட்டமே வந்துவிடும் போலிருக்கிறது. காகிதத்துக்கு அப்படிப் பதில் போட முடியாது, அதனால்தான்.

உங்கள் அண்ணன் இப்போது எழுந்து உட்காருகிறார். பிடித்துக்கொண்டால் கூடம் வரை நடக்கிறார். வலது கை இன்னும் அப்படியேதான் தொங்குகிறது. பயிற்சி கொடுக்க வரும் பெண் கெட்டிக்காரி. அவரை அதட்டவும் செய்கிறாள், கன்னத்தைத் துடைத்தும் விடுகிறாள். பேச்சுதான் வரவில்லை. பக்கவாதம் அடித்தது பேச்சு இருக்கிற பக்கம் என்கிறார் டாக்டர். "இனிமே எது வந்தாலும் லாபம்னு நினைச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார், தம்பி. காப்பி வேண்டுமா என்றால் ஆட்டுகிறார். வேண்டாமா என்றால் அதற்கும் ஆட்டுகிறார். ஜன்னலைத் திறக்கவா, மூடவா, இரண்டுக்கும் ஆம். ஒருநாள் எரிச்சலில், "நான் எங்கேயாவது போய்த் தொலையட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கும் மரியாதையாகத் தலையாட்டினார். சிரிப்பதா அழுவதா தெரியாமல் இரண்டையும் செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் எதைச் சொன்னாலும் "அப்படி இல்ல, இரு" என்று ஆரம்பிக்கிற மனிதர் இவர். அந்த "அப்படி இல்ல" ஒன்று கிடைத்தால் போதும் என்று ஏங்க வேண்டிய காலம் வரும் என்று யார் கண்டது?

நேற்று அவருடைய வேலை அறையைத் தூசி தட்டினேன். நாங்கள் படுக்கிற கட்டிலைக்கூட அவ்வளவு ஆராய்ந்து வாங்கவில்லை, அந்த நாற்காலியை ஒரு மாதம் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்து வாங்கினார். கூரை ஒழுகுகிற மாதிரி டக்டக்கென்று சத்தம் போடும் அந்தத் தடித்த கீபோர்டு. நெட்டுக்குத்தலாக நிற்க வைத்த திரை. பாட்டே ஓடாத ஹெட்போன், "என்கூடப் பேசாதே" என்பதற்காக மாட்டிக்கொள்வது. காப்பித்தூளை எடை போடும் குட்டித் தராசு; ஒரு கிராம் கூடினால் திரும்ப டப்பாவில் கொட்டுவார். மூலையில் அவர் தெருவில் பொறுக்கி வந்த உடைந்த குடைகள். கம்பி ஒடிந்த குடையைக் கண்டால் இவருக்குக் கால் நகராது என்று உங்களுக்குத் தெரியுமே. கடைசியாக எடுத்து வந்த நீலக் குடை பாதி தைத்தபடி கிடக்கிறது. ஊசி இன்னும் அதிலேயே குத்தியிருக்கிறது. அதை மட்டும் நான் தொடவில்லை.

மேனேஜரையும் துடைத்து வைத்தேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இனிமேல் வீட்டிலிருந்தே சொந்தமாகப் புரோகிராம் எழுதுகிறேன் என்று அவர் வந்து நின்ற அன்று, நீங்கள் வாங்கிக் கொடுத்தீர்களே, காரில் வைக்கும் தலையாட்டி நாய், அதைத்தான் சொல்கிறேன். "மேனேஜர் இல்லாம எப்படிண்ணே வேலை ஓடும், இந்தாங்க" என்றீர்கள். நீங்கள் விளையாட்டுக்குக் கொடுத்ததை அவர் நிஜமாகவே உத்தியோகத்தில் அமர்த்திவிட்டார். புரோகிராமில் எங்கே தப்பு என்று பிடிபடாவிட்டால், அந்த நாயின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அதற்கு எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்லுவார். "இங்க பாருங்க சார், யூசர் இந்தப் பட்டனை அமுக்குறார், அப்ப என்ன ஆகணும்?" அது ஆமாம் ஆமாம் என்று ஆட்டிக்கொண்டே இருக்கும். என்னிடம் நாள் முழுக்கப் பேசாததையெல்லாம் அதனிடம் பேசுவார். பிளாஸ்டிக் நாய் மேல் பொறாமைப்பட்ட பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

பாதி சொல்லும்போதே "அட மடையா!" என்று தன் நெற்றியில் அறைந்துகொள்வார். தப்பு அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அடுப்பங்கரையில் இருக்கும் நான் அதைக் கேட்டதும் சாப்பாட்டைச் சூடு பண்ணத் தொடங்குவேன். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மணி அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "வரிசை" செயலியைப் பற்றி நீங்கள் அனுப்பிய செய்தியைப் பலதடவை படித்தேன். உங்களுக்கு அதில் ஒரு பொறுப்பும் இல்லாதபோதும் நீங்களாக நினைத்துக் கேட்டதற்கு நன்றி. அது எப்படிப் பிறந்தது என்று உங்களிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார். நான் கம்பளி பின்ன உட்கார்ந்தால், நடுவில் "ஒரு நிமிஷம் இங்க வாயேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். போய்விட்டு வந்தால் எத்தனையாவது வரிசையில் விட்டேன் என்று மறந்துபோகும். பிரிப்பேன், திட்டுவேன், மறுபடி பின்னுவேன். கூப்பிடுவதை நிறுத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல், ஒரு வரிசை முடிந்ததும் திரையில் ஒரு தட்டு தட்டினால் எண்ணி வைத்துக்கொள்ளும் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதுதான் அவருடைய மன்னிப்பு. சோதித்துப் பார்க்கும் வேலையும் எனக்கே. "ஒண்ணும் தெரியாதவ மாதிரி கண்டபடி அமுக்கு" என்பார். "மாதிரி என்ன மாதிரி" என்பேன்.

எனக்கென்று எழுதியது எங்கெங்கோ பின்னுகிறவர்கள் கைக்கெல்லாம் போய்விட்டது. இப்போது வந்திருக்கிற புதுப் போன்களில் ஒரு தட்டுக்கு இரண்டாக எண்ணுகிறதாம். கடிதம் கடிதமாக வருகிறது. ஒருவர் திட்டுகிறார், அவருடைய ஸ்வெட்டரில் ஒரு கை முழங்கையோடு நின்றுவிட்டதாம். குறைமாதக் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னிக் கொடுக்கும் ஒரு நர்ஸ் மட்டும், "எப்பவும் அன்னிக்கே பதில் போடுவீங்களே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு மட்டும் என்னால் பதில் எழுத முடியவில்லை.

"பாஸ்வேர்டை அனுப்புங்க அண்ணி, இங்கேயிருந்தே பார்க்கிறேன், இல்லன்னா மரியாதையா மூடிடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கு நீங்கள் ஒட்டுப் போடலாம். அடுத்து இன்னொரு போன் வரும், இன்னொன்று உடையும். எத்தனை நாளைக்கு உங்கள் தலையில் கட்டுவது? பெற்றவர் இல்லாமல் பிள்ளை வளர்ப்பது கஷ்டம். மூடிவிடுங்கள்.

ஒன்றே ஒன்று. அவருக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார வைத்து, சொல்லிவிட்டுச் செய்யலாம். எப்படியும் தலையாட்டத்தான் போகிறார். ஆட்டியதும் பாஸ்வேர்டை அனுப்புகிறேன்.

அவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறேன். வலது கையைத் தூக்க முடியாததால் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி. செயலி இல்லாமலேதான் பின்னுகிறேன். இப்போதெல்லாம் கணக்குத் தப்புவதே இல்லை. கூப்பிட ஆள் இல்லையே.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அண்ணி


அன்புள்ள தம்பிக்கு,

முன்பு போட்ட கடிதம் கைக்கு வந்திருந்தால், மூடச் சொன்ன இடத்தை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இன்னும் வரவில்லை என்றால் இதை முதலில் படித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களை அவசரக்குடுக்கை என்பார், ஆனால் இந்த முறை அவசரப்பட்டது நான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். உடம்பு விழுந்ததிலிருந்து அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. திரையைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். யாரோ வீட்டுக்குப் போனால் அங்கேயிருக்கும் சாமான்களைப் பார்ப்போமே, அந்த மாதிரிதான் பார்த்தார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவர் வழியையே பிடித்தேன். மேனேஜரை மேஜை நடுவில் வைத்து, தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "இங்க பாருங்க சார்" என்று தொடங்கினேன். புதுப் போன், ஒரு தட்டுக்கு இரண்டு எண்ணுவது, முழங்கையோடு நின்ற ஸ்வெட்டர், தொப்பி பின்னும் நர்ஸ், உங்கள் செய்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். நாய் ஆமாம் ஆமாம் என்றது. அவரும் கூடவே ஆட்டினார். இரண்டு பேரும் ஒரே தாளத்தில். கோபம் வரவில்லை, தம்பி.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அப்ப மூடிடலாமாங்க?" என்று கேட்டேன்.

அவர் தலை நின்றுவிட்டது.

நாய் மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார். இடது கையை மெல்ல எடுத்தார். போன கை வழியில் தராசைத் தட்டிவிட்டது, அது கீழே விழுந்தது. அதைக் கவனிக்கவில்லை. ஒரு விரலை நாயின் தலையில் வைத்தார். அது நின்றது. விரலை எடுக்கவே இல்லை. நான் மறுபடி கேட்டேன். எடுக்கவில்லை. "மூட வேண்டாமா?" என்று திருப்பிக் கேட்டேன். அதற்கும் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம் ஆனபோது நான்தான் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சொன்னேன். "ஆடுற பொருளைப் பார்த்தா கை தானா போகும்க்கா, ரொம்ப அர்த்தம் தேடாதீங்க" என்றாள். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். அவள் படித்தவள், என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாள். எனக்கும் அது ஆம் என்றா இல்லை என்றா என்று சத்தியமாகத் தெரியாது. அவர் தலையாட்டவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் போய்த் தொலையட்டுமா என்றபோது ஆடிய தலை, இதற்கு ஆடவில்லை. போகட்டும், என்னைவிட அந்தச் செயலி உசத்தி என்றே வைத்துக்கொள்கிறேன். அதற்காகவும் சந்தோஷம்தான்.

அதனால் பாஸ்வேர்டை நான் அனுப்பப் போவதில்லை. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரத்தில் நின்று, காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி "அண்ணே, நல்லா ஆயிடும்ண்ணே" என்று கத்தினீர்கள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். நான் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. அன்றைக்குப் போனவர்தான். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் இல்லை. அவரைப் பார்க்க உங்களுக்குப் பயம். எனக்கும் பயம்தான், தினமும் கண் விழிக்கும்போது. என்ன, எனக்கு ரயில் ஏறிப் போக வேறு வீடு இல்லை.

முகத்தைப் பார்க்க முடியாது என்றால் பார்க்க வேண்டாம். திரையைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் காலத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியிருக்கிறீர்கள்? அவர் பக்கத்தில் ஒரு முக்காலி போடுகிறேன். எங்கே உடைந்திருக்கிறது, அந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆக வேண்டும், என்ன ஆகிறது என்று முதலிலிருந்து சொல்லுங்கள். கத்த வேண்டாம், காது நன்றாகத்தான் இருக்கிறது. பதில் எதிர்பார்க்க வேண்டாம். அவர் தலையாட்டினால் ஆட்டட்டும். இத்தனை வருஷம் ஒரு பிளாஸ்டிக் நாய் செய்த வேலையை அவர் செய்ய மாட்டாரா?

எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உங்களை ஏமாற்றிக் கூப்பிடவில்லை. ஆகாது. அது எனக்குத் தெரியும். நீலக் குடையில் குத்தியிருந்த ஊசியை நேற்று நானே எடுத்துவிட்டேன். மிச்சத்தை நான் தைக்கிறேன், கோணலாக வந்தாலும் பரவாயில்லை. மழை பெய்தால் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவேன்.

நீங்களும் உங்கள் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். இதை மனதாரச் சொல்கிறேன். கைகூப்பும் படம் மட்டும் வேண்டாம். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி சொல்லும்போதே தப்பு பிடிபட்டு, "அட மடையா!" என்று நெற்றியில் ஓங்கி அறைந்துகொள்ளுங்கள், தம்பி. அடுப்பங்கரைக்குக் கேட்கிற மாதிரி. நான் சாப்பாட்டைச் சூடு பண்ண வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
அண்ணி